பூங்காவில் ஒளிக்கலை: மணலியிலிருந்து சில குறிப்புகள்

மணலிக்காரர்களுக்கு ராத்திரி வெளிச்சம் என்றதும் மனதில் வருவது அழகு இல்லை. சுத்திகரிப்பு ஆலையின் உயரமான குழாய் உச்சியில் எரியும் தீதான் வரும். 1965ல் நிறுவி 1969ல் உற்பத்தி தொடங்கிய ஆலை. சென்னை பெட்ரோலியம் என்று பெயர் மாறி எத்தனையோ வருஷம் ஆகியும் பழைய ஆட்களுக்கு அது எம்.ஆர்.எல்.தான். எரியக்கூடிய உபரி வாயுவை அப்படியே காற்றில் விட்டால் ஆபத்து, அதனால் உச்சியில் வைத்து எரித்துவிடுகிறார்கள். ஒரு பாதுகாப்பு ஏற்பாடு. ஆனால் அந்தத் தீ வழக்கத்தைவிட உயர்ந்தால் இங்கே யாரும் ரசிக்க மாட்டார்கள். "இன்னைக்கு ஏன் இவ்ளோ பெருசா எரியுது?" என்று ஒரு மொட்டை மாடியிலிருந்து அடுத்த மொட்டை மாடிக்குக் கேள்வி போகும். மேகம் தாழ்ந்திருக்கும் ராத்திரிகளில் வானமே ஆரஞ்சாகத் தெரியும்.

இப்படி ஒரு ஊரில் உட்கார்ந்துகொண்டு பூங்காக்களில் வைக்கிற பிரமாண்ட ஒளி நிறுவல்களைப் பற்றி எழுதுவது கொஞ்சம் விநோதம்தான். ஆனாலும் காரணம் இருக்கிறது. சிங்கப்பூரிலிருந்து வரும் வாட்ஸ்அப் வீடியோக்களில் அந்த ஊதா நிற 'சூப்பர்ட்ரீ'கள் கட்டாயம் இருக்கும். கூடவே ஒரு கேள்வியும் வரும்: "நம்ம ஊர்ல ஏன் இப்படி ஒண்ணு இல்ல?" 2024 மார்ச்சில் வடசென்னை வளர்ச்சித் திட்டத்தை 4,181 கோடி ரூபாய் மதிப்பில் தொடங்கியபோது பூங்கா, ஏரிக்கரை மேம்பாடெல்லாம் பேச்சுக்கு வந்தது. அதே வருஷம் அக்டோபரில் கதீட்ரல் சாலையில் சுமார் 46 கோடி செலவில் கலைஞர் நூற்றாண்டுப் பூங்காவைத் திறந்தார்கள். இசை நீரூற்று, ஜிப்லைன் என்று கூட்டம் நெரிந்தது. அந்த மாதிரி ஆசை வடக்கே வர எத்தனை நாள் ஆகும்? வரும்போது நாம் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. அதற்காகச் சேர்த்த குறிப்புகள் இவை.

என் கட்சியை முன்பே சொல்லிவிடுகிறேன். இந்தக் கலைக்கு விளக்கைவிட இருட்டுதான் முக்கியமான சரக்கு. அதைக் கணக்கில் எடுக்காமல் விளக்கை மட்டும் டெண்டர் விட்டால், கலையும் கிடைக்காது, தோட்டமும் கெடும்.

முதலில் பக்கத்து வீட்டு உதாரணம். நம்மில் பலரும் பார்த்த முதல் ஒளித்தோட்டம் பிருந்தாவனம். பள்ளிக்கூடச் சுற்றுலாவில் மைசூர் போனவர்கள் யாரும் தப்பியிருக்க முடியாது. கிருஷ்ணராஜ சாகர் அணையின் அடிவாரத்தில், திவான் மிர்சா இஸ்மாயிலின் யோசனையில், 1927ல் தொடங்கி 1932ல் முடித்த தோட்டம். அதன் பின்னால் ஒரு மின்சாரக் கதை இருக்கிறது. அதே காவிரியில், சிவசமுத்திரத்தில், 1902லேயே மைசூர் சமஸ்தானம் நீர்மின் நிலையம் அமைத்துவிட்டது. முதலில் கோலார் தங்க வயலுக்கு மின்சாரம் போனது, 1905ல் பெங்களூர்த் தெருவிளக்குகளுக்கு. ஆகவே பிருந்தாவனத்து வண்ண நீரூற்று வெறும் அலங்காரமாக நிற்கவில்லை. "எங்ககிட்ட கரென்ட் இருக்கு" என்று ஒரு சமஸ்தானம் ஊருக்குச் சொன்ன விதம் அது. ஆற்றிலிருந்து எடுத்த மின்சாரத்தை ஆற்று நீரின் மேலேயே பாய்ச்சிக் காட்டினார்கள்.

அங்கே ஒரு நுட்பத்தை கவனிக்கணும். வெளிச்சம் என்பது தானாகக் கண்ணுக்குத் தெரியாது. எதன் மீதாவது பட்டுச் சிதறி நம் பக்கம் திரும்பினால்தான் தெரியும். சினிமாவுக்குத் திரை மாதிரி இதற்கும் ஒரு திரை வேண்டும். பிருந்தாவனத்தில் அந்தத் திரை, நீர்த்துளி. விளக்கு அடியில் ஒளிந்திருக்கும், தண்ணீர்தான் ஒளிர்வதுபோல் தோன்றும். சாயங்காலம் கொஞ்ச நேரம் ஓடும், பிறகு நிறுத்திவிடுவார்கள். எந்த ஊர் ஒளித்தோட்டத்தைப் பார்த்தாலும் நான் இப்போது முதலில் கேட்பது இதைத்தான்: இங்கே திரை எது? தண்ணீரா, இரும்பா, மூங்கில் சட்டமா, மரத்து இலையா? பாதி விஷயம் அந்த ஒரு கேள்வியில் வெளியே வந்துவிடும்.

நம்ம ஊர் மரபில் திரை, மூங்கில் சட்டம். திருவொற்றியூர்ப் பக்கம் கோயில் விழாவுக்கு சவுண்ட் சர்வீஸ்காரர்கள் கட்டும் சீரியல் லைட் அம்மனை நினைத்துக்கொள்ளுங்கள். முப்பது நாற்பது அடி உயரச் சட்டத்தில் ஆயிரக்கணக்கான சின்ன பல்புகள். ஒரு கை மேலே போகும், கீழே வரும், சக்கரம் சுற்றும், தாமரை விரியும். இதுவும் ஒளி நிறுவல்தான். கலைக்கூடங்களில் அந்தப் பெயரைச் சொல்லவில்லை என்பதால் அது குறைந்துவிடாது.

சீரியல் என்ற பெயரிலேயே விளக்கம் இருக்கிறது. நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். சின்ன பல்பு 6 வோல்ட் தாங்கும். 38, 40 பல்புகளை வரிசையாக, ஒன்றின் வாலை இன்னொன்றின் தலையில் இணைத்தால் ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 6 வோல்ட் கிடைக்கும். டிரான்ஸ்பார்மரே வேண்டாம். மலிவு. ஒரு பல்பின் இழை அறுந்தால் அந்த வரிசை மொத்தமும் அணையும், அதனால்தான் விழா ராத்திரியில் ஒரு பையன் டெஸ்டரும் கையுமாகச் சட்டத்தில் தொற்றிக்கொண்டு இருப்பான். அசைவுக்குப் பழைய வழி ஒரு உருளை. மோட்டார் அதைச் சுற்றும், உருளை மேல் பதித்த உலோகத் தகடுகள் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தொட்டு விடும். எந்தத் தகடு எங்கே இருக்கிறது என்பதுதான் 'புரோகிராம்'. வங்காளத்தில் சந்தன்நகரில் ஜகத்தாத்ரி பூஜைக்கு வைக்கும் உலகப்புகழ் பெற்ற ஒளிப் பலகைகளும் இந்த உருளையில் வளர்ந்தவைதான். இலங்கையில் வெசாக் தோரணங்களும் இதே குடும்பம்.

இப்போது உருளையின் இடத்துக்கு சிப் வந்துவிட்டது. 'பிக்சல்' விளக்கு என்று ரிச்சி தெருவில் ரோல் ரோலாக விற்கிறார்களே, அதில் ஒவ்வொரு விளக்குக்குள்ளும் ஒரு குட்டி சிப் இருக்கிறது. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் தலா 256 படி, பெருக்கினால் 1 கோடியே 67 லட்சம் நிறம். தகவல் ஒரே ஒரு கம்பியில் வரும். முதல் விளக்கு தனக்கான பங்கை எடுத்துக்கொண்டு மிச்சத்தை அடுத்ததற்குத் தள்ளும், அது தன் பங்கை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் தள்ளும். பந்தியில் இலை கைமாறிப் போகிற மாதிரி. நடுவில் ஒன்று செத்தால் அதற்குப் பின்னால் இருப்பவர்களுக்கு இலை வராது. தொழில்நுட்பம் மாறியும் சீரியல் செட்டின் பழைய வியாதி போகவில்லை என்பது எனக்குப் பிடித்த விஷயம்.

பெரிய மேடைகளிலும் தோட்டங்களிலும் டி.எம்.எக்ஸ் 512 என்ற முறை நடக்கிறது. ஒரு கேபிளில் 512 தடங்கள். ஒரு வண்ண விளக்குக்கு மூன்று தடம் என்றால் 170 விளக்குக்கு மேல் ஒரு கேபிள் தாங்காது. 5,000 விளக்கு வேண்டுமென்றால் இப்படி 30 தொகுதி வேண்டும், எல்லாம் ஒரே தாளத்தில் ஓட வேண்டும். அங்கேதான் செலவு ஏறுகிறது. மின்சாரத்தில் இல்லை. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 5 வோல்ட் பிக்சல் ஒன்று முழு வெள்ளையில் எரிந்தால் சுமார் 0.3 வாட். 50,000 பிக்சல் என்றால் 15 கிலோவாட். ஒரு மணி நேரம் ஓடினால் 15 யூனிட். பத்து ஏசி ஓடுகிற கல்யாண மண்டபம் ஒரு மணி நேரத்தில் தின்பது ஏறக்குறைய இதுதான். ஆகவே "இவ்ளோ கரென்ட் வீணா?" என்பது பூங்கா ஒளிக்காட்சிக்கு எதிரான வலுவான வாதம் இல்லை. வலுவான வாதங்கள் வேறு இருக்கின்றன, வருகிறேன்.

அதற்கு முன் ஒரு கலைஞர். ஆங்கிலேயர் புரூஸ் முன்ரோ. ஆஸ்திரேலியாவில் உலுரு பாறைக்குப் பக்கத்துப் பாலைவனத்தில் 2016ல் 50,000 கண்ணாடிக் குமிழ்களைத் தண்டுகளில் நட்டு 'ஒளி வயல்' அமைத்தவர். 2012ல் அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் லாங்வுட் தோட்டத்தில் மரங்களுக்கு நடுவே இதே பாணியில் ஒரு கோடைக் காட்சி வைத்தார். அவர் பயன்படுத்தியது ஒளியிழை. விளக்கு ஒரு பெட்டிக்குள் தனியாக இருக்கும், அதிலிருந்து தலைமுடி மாதிரி இழைகள் கிளம்பும். ஒளி இழையின் உட்சுவரில் மோதி மோதி, வெளியே கசியாமல், கடைசி முனைக்குப் போய் அங்கே மட்டும் மலரும். தோட்டத்துக்கு இதில் பெரிய லாபம் உண்டு. ஈரப் புல்லுக்குள் மின்சாரமே போகவில்லை. குழந்தை தொட்டாலும் அது வெறும் பிளாஸ்டிக் இழை.

முன்ரோவின் ஒவ்வொரு குமிழும் தனியாகப் பார்த்தால் மங்கல். வீட்டு நைட் லேம்ப்கூட அதைவிடப் பளிச். பிறகு எப்படி அந்த வயல் கண்ணில் நிறைகிறது? நம் கண்ணால்தான். வெளிச்சத்திலிருந்து இருட்டுக்கு வந்தால், நிறம் பார்க்கும் கூம்புச் செல்கள் பத்து நிமிஷம் போலப் பழகி நின்றுவிடும். மங்கல் பார்க்கும் குச்சிச் செல்கள் முழுதாக விழிக்க அரை மணி நேரம்கூட ஆகும். விழித்தபின் கண்ணின் நுண்மை ஆயிரக்கணக்கான மடங்கு கூடியிருக்கும். அந்தக் கண்ணுக்கு ஒரு மின்மினியே விளக்கு. ஆனால் பக்கத்தில் ஒரே ஒரு ஹைமாஸ்ட் இருந்தால் போச்சு, குச்சிச் செல் விழிக்கவே விழிக்காது. ஒளிக்கலைக்கு இருட்டு வேண்டும் என்பதை நான் கவிதையாகச் சொல்லவில்லை, கண்ணின் கணக்கு அப்படி. சுற்றுப்புறம் பத்து மடங்கு பிரகாசமானால், அதே காட்சி எடுபட விளக்குகளையும் பத்து மடங்கு ஏற்ற வேண்டியிருக்கும். முடிவே இல்லாத ஏலம் அது.

இப்போது சூப்பர்ட்ரீக்கு வருவோம். 2012 ஜூனில் திறந்த 'கார்டன்ஸ் பை தி பே' தோட்டத்தில் மொத்தம் 18 இருக்கின்றன, 25லிருந்து 50 மீட்டர் உயரம். பதினாறு மாடி உயரத்துக்கு ஒரு மரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடலைத் தூர்த்து உண்டாக்கிய நிலம், அங்கே நூறு வருஷத்து மரம் வளர நேரமில்லை. அதனால் கான்கிரீட் தண்டும் இரும்புக் கிளையுமாகக் கட்டி, மேலே 1,60,000க்கும் அதிகமான செடிகொடிகளைப் படரவிட்டார்கள். 11 மரங்களின் உச்சியில் சூரிய மின்தகடு. தினமும் இரவு 7.45க்கும் 8.45க்கும் கால் மணி நேரத்துக்குள் முடிகிற ஒளி-இசைக் காட்சி, டிக்கெட் இல்லை. ஜனங்கள் தரையில் துண்டு விரித்து மல்லாக்கப் படுத்துப் பார்ப்பார்கள். நம்ம ஆட்கள் நிறைய.

என் கேள்வியை இங்கே போட்டுப் பாருங்கள். திரை எது? பெரும்பாலும் இரும்பு. படர்ந்திருக்கும் கொடிகள் மேலும் வெளிச்சம் படத்தான் செய்கிறது, மறுக்கவில்லை. ஆனால் காட்சியின் முதுகெலும்பு அந்த இரும்புக் கிளைகள், காட்சி கொஞ்ச நேரம், நேரம் அறிவிக்கப்பட்டது. வீடியோ பார்த்து ஆசைப்படுகிறவர்கள் கவனிக்காமல் விடுவது இந்த மூன்றையும்தான். கண்ணுக்குத் தெரிவது ஊதா மட்டும். இதில் இன்னொரு முரண் உண்டு. 2016ல் வெளியான உலக இரவு வான வெளிச்ச வரைபடத்தில் ஒளி மாசு மிக அதிகமான நாடாக வந்தது சிங்கப்பூர். கண் முழு இருட்டுக்குப் பழகவே முடியாத அளவு வானம் அங்கே. அப்படிப்பட்ட இடத்தில் எடுபடணும் என்றால் 50 மீட்டர் உயரம் தேவைப்படுகிறது. முன்ரோவுக்கு முழங்கால் உயரம் போதுமாக இருந்தது, ஏனென்றால் அவருக்குப் பாலைவன இருட்டு கிடைத்தது.

லண்டன் கியூ தோட்டத்தில் 2013லிருந்து ஒவ்வொரு குளிர்காலமும் ஒளிப்பாதை நடக்கிறது. அது நேரடியாக நிஜ மரங்கள் மேல் வெளிச்சம் போடுகிற பாணி. இதைத்தான் உலகம் முழுக்க நகல் எடுக்கிறார்கள். நகல் எடுப்பவர்கள் ஒரு விஷயத்தை மறக்கிறார்கள் என்று நினைக்கிறேன். டிசம்பரில் லண்டனில் நாலு மணிக்கு முன்பே சூரியன் விழுந்துவிடும். ஐந்து மணிக்குக் குழந்தைகளோடு வந்து ஏழு மணிக்கு வீட்டுக்குப் போகலாம். அந்த மாதத்தில் அங்கே பெரும்பாலான மரங்கள் இலை உதிர்த்து உறங்கிக்கொண்டிருக்கும், பூச்சி நடமாட்டமும் மிகக் குறைவு. சென்னையில் நவம்பர் கடைசியில் சூரியன் விழுவது 5.40 போல, ஜூலையில் 6.40 போல. வருஷம் முழுக்க அந்த ஒரு மணி நேர வித்தியாசம்தான். நம் மரங்கள் அப்படி ஒட்டுமொத்தமாக உறங்குவதில்லை, ஏதோ ஒன்று எப்போதும் துளிர்த்துக்கொண்டோ பூத்துக்கொண்டோ இருக்கும். தூங்குகிற மரத்துக்குப் போட்ட விளக்கை விழித்திருக்கிற மரத்துக்குப் போட்டால் ஒரே கணக்கு ஆகுமா?

மரத்துக்குக் கண் கிடையாது, ஆனால் பகல் எவ்வளவு, ராத்திரி எவ்வளவு என்று தெரியும். இலையில் பைட்டோகுரோம் என்ற நிறமி சிவப்பு ஒளியையும் அதைத் தாண்டிய தொலைசிவப்பையும் வைத்து இருட்டின் நீளத்தை அளக்கிறது. எப்போது பூக்கணும், எப்போது துளிர்க்கணும் என்பதில் அந்த அளவுக்குப் பங்கு உண்டு. பிரிட்டனில் பல வருஷத் தரவைச் சேர்த்து 2016ல் வெளியிட்ட ஆய்வில், இரவு வெளிச்சம் அதிகமுள்ள இடங்களில் மரங்கள் ஒரு வாரம்வரை முன்னதாகவே துளிர்ப்பது தெரிந்தது. சுவிட்சர்லாந்துப் புல்வெளிகளில் 2017ல் செய்த சோதனை இன்னும் நேரடியானது. தெருவிளக்கு மாதிரி விளக்கு வைத்த இடங்களில் இரவுப் பூச்சிகளின் மலர் வருகை 62 சதவீதம் குறைந்தது, அங்கே சோதித்த ஒரு செடியில் காய்ப்பு 13 சதவீதம் குறைந்தது. பகல் தேனீக்கள் அந்த இழப்பைச் சரிக்கட்டவில்லை.

பூச்சி ஏன் விளக்கைச் சுற்றுகிறது என்பதற்கு நல்ல பதில் 2024ல்தான் வந்தது. பூச்சி பறக்கும்போது தன் முதுகை வெளிச்சமான பக்கம் திருப்பி வைத்துக்கொள்ளும். லட்சக்கணக்கான வருஷமாக வெளிச்சமான பக்கம் என்றால் வானம், ஆகவே அது நேராகப் பறக்க உதவியது. பக்கவாட்டில் ஒரு பல்பு வந்ததும் அதை வானம் என்று எண்ணி முதுகைத் திருப்புகிறது, சாய்கிறது, வட்டமடிக்கிறது, வெளியேற முடியாமல் மாட்டிக்கொள்கிறது. விட்டில் பூச்சி காதலில் விழவில்லை, திசை தவறிவிட்டது, அவ்வளவுதான்.

நம் தோட்டத்துப் பூக்களை எண்ணுங்கள். மரமல்லி ராத்திரி பூத்து விடியலில் உதிரும், நீண்ட குழாய் வழியாகத் தேனெடுக்க வருவது பருந்து அந்துப்பூச்சி. பவழமல்லியும் ராத்திரிதான் மலரும். இலுப்பைக்கும் இலவத்துக்கும் வௌவால் வேண்டும், அது வெளிச்சத்தை ஒதுக்கிப் போகிற பிராணி. தமிழ்நாட்டுத் தோட்டம் பாதி வேலையை ராத்திரி ஷிப்டில்தான் பார்க்கிறது. மணலியில் ஷிப்ட் என்றால் எல்லாருக்கும் புரியும். ராத்திரி ஷிப்ட் ஆள் தூங்கி வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் வாசலில் ஸ்பீக்கர் வைப்பது மாதிரிதான் இதுவும்.

நகரத்தில் ஓட்டல், நகைக்கடை வாசல் மரங்களில் அடிமுதல் நுனிவரை எல்.ஈ.டி. கயிறு சுற்றி வைத்திருப்பார்கள். தீபாவளிக்குச் சுற்றியது அடுத்த தீபாவளிவரை கிடக்கும். தண்டு பருக்கும்போது கயிறு பட்டையில் புதையும், ஆணி அடித்திருந்தால் அந்தத் துளையில் பூஞ்சை நுழையும். மும்பையில் இது உயர் நீதிமன்றம்வரை போனது. என்னைக் கேட்டால், உயிருள்ள மரத்தில் விளக்கு சுற்றக் கூடாது என்பதில் விட்டுக்கொடுக்க எதுவும் இல்லை.

ஒளிக்கலையும் உயிர்களும் சமரசம் செய்துகொண்ட ஒரு இடம் நியூயார்க். செப்டம்பர் 11 தாக்குதலில் இறந்தவர்களின் நினைவாக, 2002லிருந்து 88 தேடுவிளக்குகளை இரண்டு தூணாக வானத்தில் பாய்ச்சுகிறார்கள். செப்டம்பர், பறவைகள் தெற்கே வலசை போகும் மாதம். ஏழு வருஷங்களில் அந்த ஏழு ராத்திரிகளில் மட்டும் சுமார் 11 லட்சம் பறவைகள் அந்த ஒளியால் பாதிக்கப்பட்டன என்று 2017ல் ஆய்வு வந்தது. அங்கே ஒரு ஏற்பாடு உண்டு. ஆட்கள் நின்று எண்ணுவார்கள், தூணுக்குள் ஆயிரம் பறவை சிக்கிச் சுற்றினால் விளக்கை 20 நிமிஷம் அணைப்பார்கள். அணைத்த சில நிமிஷங்களில் பறவைகள் கலைந்து போய்விடும். அவ்வளவு பெரிய துக்கத்தின் சின்னத்தையே அணைக்க முடிகிறது என்றால், ஒரு பூங்காவின் வானவில் விளக்கை அணைக்க முடியாதா? எண்ணூர்க் கழிமுகமும் அதற்கு வடக்கே பழவேற்காடும் குளிர்கால வலசைப் பறவைகளின் இடம். மணலியிலிருந்து பறவைக்கு அது தூரமே இல்லை.

இங்கே ஒரு எதிர்ப்பேச்சு வரும், நியாயமான பேச்சு. "நீ இருட்டைப் பத்திப் பேசுற. எங்க தெருவுல லைட்டே எரியல. ஷிப்ட் முடிஞ்சு வர்ற பொண்ணு எந்த வழியா நடக்கும்?" இதைத் தள்ளிவிட முடியாது. ஆனால் நடைபாதை வெளிச்சமும் காட்சி வெளிச்சமும் இரண்டு வேறு சமாசாரம். நடக்கிறவளுக்கு வேண்டியது எதிரே வருகிறவர் முகமும் காலடிப் பள்ளமும் தெரிவது. அதற்குக் கீழ்நோக்கி மட்டும் வெளிச்சம் விழும், மேலே மூடியிட்ட, தாழ்வான, மஞ்சள் கலந்த விளக்குகளை நெருக்கமாக வைத்தால் போதும். கண்ணைக் கூசவைக்கும் ஹைமாஸ்ட் ஒன்றை நட்டால் அதன் அடியில் பகல், பத்தடி தள்ளி மரத்தின் பின்னால் கும்மிருட்டு. கூச்சத்தால் சுருங்கின கண்ணுக்கு அந்த நிழலுக்குள் யார் நிற்கிறார்கள் என்றே தெரியாது. வெள்ளை எல்.ஈ.டி.யில் நீலம் தூக்கலாக இருக்கும், பூச்சியை அதிகம் இழுப்பதும் அதுதான். மஞ்சள் சார்ந்த விளக்கு பெண்களுக்கும் உதவும், பூச்சிக்கும் தொல்லை குறைவு. பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் நான் காட்சியை விட்டுவிட்டு நடைபாதை விளக்கைத்தான் கேட்பேன்.

இரண்டுக்கும் பணம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். மணலிக்கு என்று சில தனிப் பிரச்சினைகள். ஒன்று உப்புக் காற்று, கூடவே ஆலைப் புகை. விளக்கின் மேல் ஐ.பி. 65 என்று எழுதியிருந்தால் தூசி நுழையாது, தண்ணீர் பீய்ச்சினாலும் தாங்கும் என்று அர்த்தம். 67 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் மூழ்கினாலும் தாங்கும். 2023 டிசம்பர் மிக்ஜாம் மழையில் இந்தப் பக்கம் தண்ணீர் எத்தனை நாள் நின்றது என்று நினைவிருக்கும். அரை மணி நேரக் கணக்கெல்லாம் இங்கே எடுபடாது. ஆகவே தரைமட்டத்தில் 230 வோல்ட் கூடவே கூடாது, 12 அல்லது 24 வோல்ட்தான். மின்பெட்டி வெள்ள மட்டத்துக்கு மேலே இருக்கணும், 30 மில்லிஆம்பியர் கசிந்தாலே துண்டிக்கும் ஈ.எல்.சி.பி. இருக்கணும். இது அழகுப் பிரச்சினை இல்லை, மழைக்காலத்தில் உயிர்ப் பிரச்சினை.

இன்னொன்று பராமரிப்பு. திறப்பு விழா அன்று எல்லா விளக்கும் எரியும். ஆறு மாதம் கழித்து மயிலின் தோகையில் பாதி செத்திருக்கும். பிக்சல் வரிசையின் கடைசியில் வோல்டேஜ் குறைந்து வெள்ளை சிவப்பாக மாறியிருக்கும். கல்யாண மண்டப வாசலில் பார்த்திருப்பீர்கள், நுழைவில் பளீர் வெள்ளை, கோடியில் பழுப்பு. நிரந்தரமாக வைத்தால் நிரந்தரமாக ஆள் வேண்டும். அதனால்தான் உலகத்தில் நல்ல ஒளித்தோட்டங்கள் பல சில வாரம் மட்டும் நடந்துவிட்டுக் கழற்றப்படுகின்றன. நம் கோயில் விழா ஒளி அலங்காரமும் பத்து நாளில் கழன்றுவிடுகிறது. அந்த மரபு நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது, யாரும் அதைக் கலைத்திட்டமாக எண்ணிப் பார்க்கவில்லை.

மாநகராட்சியின் 2வது மண்டலம் மணலி, 15லிருந்து 21வரை வார்டுகள். ஏரியா சபையில் பூங்கா விளக்கு பேச்சு வந்தால் நான் வைத்திருக்கும் யோசனை இதுதான். நிரந்தரக் கம்பம் எதுவும் வேண்டாம். திருவொற்றியூர், தண்டையார்பேட்டை சவுண்ட் சர்வீஸ்காரர்களைக் கூப்பிட்டு, பூங்காவின் வெட்டவெளியில், மரத்திலிருந்து தள்ளி, மூங்கில் சட்டத்தில் அவர்களுக்குப் பிடித்ததைக் கட்டச் சொல்லுங்கள். அம்மன் வேண்டாம் என்றால் கட்டுமரம் கட்டட்டும், பூநாரை கட்டட்டும், அந்த ஆலைக் குழாயையே கட்டட்டும். மூன்று ராத்திரி. ஏழேகாலிலிருந்து எட்டேகால்வரை. வடகிழக்குப் பருவமழையும் வலசைக் காலமும் இல்லாத ஆனி மாதம் சரிப்படும். காட்சி நேரத்தில் பக்கத்து ஹைமாஸ்டை மட்டும் அணைத்துவைக்க மாநகராட்சியிடம் அனுமதி வாங்கணும், நடைபாதை விளக்கு எரியட்டும்.

ஆலைத் தீயை அணைக்கச் சொல்ல முடியாது. அதனால் சட்டத்தை அந்தத் தீக்கு முதுகு காட்டி, வடக்குப் பார்த்து ஜனங்கள் உட்காரும்படி நிறுத்தணுமா, இல்லை தீயும் காட்சியில் தெரிகிற மாதிரி வைக்கணுமா என்பதைக் கட்டுகிறவரே முடிவு செய்யட்டும். எனக்கு இரண்டாவதைப் பார்க்க ஆசை.